ஆளோடு சேர்ந்து வருகிற எண்: பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் ரைடர்கள் கைமாறும் கதை

ஒருவர் கேட்டிருந்தார்: “பிரிட்டனில் ஸ்பீட்வே கிளப்கள் கோப்பை வென்ற அணியைக்கூட அடுத்த வருஷமே கலைத்துவிடுகின்றனவே, ஏன்? அங்கே ஒரு ரைடரை ‘வாங்குவது’ என்றால் கால்பந்தில் வாங்குவது போலத்தானா? எப்போதோ மூடிப்போன கிளப்களைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது எதனால்?”

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்பீட்வேயில் ஒரு ரைடரை எடுத்தால் அவரோடு ஒரு எண்ணும் சேர்ந்து வரும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பிடிபட்டால், அணி ஏன் நிலைப்பதில்லை என்பதும், நிலைக்காத அணியை ஏன் மறக்கமாட்டேன் என்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

விளையாட்டையே பார்க்காதவர்களுக்காக நாலு வரி. நீள்வட்டத் தடம், அதன்மேல் ஷேல் என்கிற நொறுங்கிய கல்தூள். 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக், மெத்தனாலில் ஓடும். கியர் ஒன்றுதான், பிரேக் கிடையவே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். எப்போதும் இடப்பக்கம்தான். நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. அணிக்கு ஏழு பேர், ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இருவர். வழக்கமாக 15 ஓட்டங்கள். ஆக மொத்தம் 90 புள்ளி, 46 எடுத்த அணி ஜெயிக்கும்.

நான் முதன்முதலில் போன இரவில் பக்கத்தில் நின்ற பெரியவர் தடுப்புக் கம்பிமேல் புரோகிராமை விரித்துவைத்து, ஓட்டம் முடிய முடியப் பேனாவால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். கட்டத்தில் 3, 2, 1, 0. விழுந்தவருக்கு ஓர் எழுத்து, இன்ஜின் நின்றுபோனவருக்கு வேறோர் எழுத்து, தொடக்கக் கோட்டுக்குக் குறுக்கே இழுத்த நாடா எழுமுன்னே அதைத் தொட்டுவிட்டவருக்கு இன்னொன்று. சில எண்களின் தலையில் மட்டும் சின்னதாக ஒரு கோடு இழுத்தார். கடைசியில் ஒரு பெயருக்கு நேரே கூட்டிப் பார்த்து, “ஒன்பதும் இரண்டும், பெய்ட் லெவன்” என்றார். என்னய்யா இது, பரிசுப் பணமா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான். தன் அணித் தோழனுக்கு நேர் பின்னால், எதிரணி ஆளை முந்தவிடாமல் வந்து சேர்ந்தால் ஒரு போனஸ் புள்ளி. அது அணியின் கணக்கில் ஏறாது. ஆனால் ரைடருக்குப் பணம் உண்டு, அவருடைய சராசரியிலும் ஏறும். சொந்த ஆளையே இடித்துக்கொண்டு முந்தப் பார்க்காமல் இருப்பதற்கான கூலி அது. நாங்கள் பேசி முடிப்பதற்குள் அடுத்த ஓட்டம் கிளம்பி, முதல் வளைவிலிருந்து பறந்த செந்தூள் என் தேநீரில் வந்து விழுந்தது. பெரியவர் தன் கோப்பையைக் கையால் மூடியிருந்தார். அனுபவம்!

சராசரி என்றேனே, கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு ரைடர் எடுத்த புள்ளி, போனஸ் இரண்டையும் கூட்டி, ஓடிய ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, நாலால் பெருக்குவார்கள். 30 ஓட்டத்தில் 54 புள்ளி, 6 போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60ஐ 30ஆல் வகுத்தால் 2, நாலால் பெருக்கினால் 8.00. ஒருவர் கடைசிவரை தோற்கவே இல்லை என்றால் 12.00. ஒன்பதுக்கு மேல் என்றால் அணியின் தூண். மூன்று, நாலு என்றால் ரிசர்வ் இடத்துப் பையன்.

ஒவ்வொரு குளிர்காலமும் கிளப்களை நடத்தும் புரமோட்டர்கள் ஒன்றுகூடி அடுத்த பருவத்துக்கு ஓர் எல்லை வைப்பார்கள்: ஏழு பேரின் சராசரியைக் கூட்டினால் இதற்குமேல் போகக்கூடாது. எல்லை வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு பேச்சுக்கு 40 என்று வைப்போம். 9, 7.5, 6.5, 5.5, 4.5, 4, 3 என்று ஏழு பேரை எடுத்தால் சரியாக 40. இந்த அணி நன்றாக ஓடி லீகை வெல்கிறது. வென்றால் என்ன ஆகும்? எல்லோருடைய சராசரியும் ஏறியிருக்கும்: 10, 8.2, 7.1, 6.4, 5.3, 5, 4. கூட்டிப் பாருங்கள், 46. ஆறு புள்ளி அதிகம். இதே ஏழு பேரை மறுபடி இறக்க முடியாது. தூண் ஒருவரை விடவேண்டும், இல்லையென்றால் நடுவில் இருப்பவர்களில் ஓரிருவரை மாற்றவேண்டும். நன்றாக ஓடியதற்குத் தண்டனை என்று ரசிகர்கள் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இந்த எல்லை இல்லாவிட்டால் பணமுள்ள இரண்டு கிளப் நல்ல ரைடர்களை அள்ளிக்கொண்டு போய்விடும், மற்ற ஊர்களில் தடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

இந்த யோசனை புதிதல்ல. 1965இல் இரண்டு லீக்குகளைச் சேர்த்து பிரிட்டிஷ் லீக் தொடங்கிய காலத்தில் ‘ரைடர் கண்ட்ரோல்’ என்றொரு குழுவே இருந்தது. பலம் சமமாக இருக்கவேண்டும் என்று அந்தக் குழு ஒரு கிளப்பின் ரைடரை எடுத்து இன்னொரு கிளப்புக்கு ஒதுக்கும். அன்று ஆள் பார்த்துப் பிரித்தார்கள், இன்று கணக்கு பார்த்துப் பிரிக்கிறார்கள். எனக்குக் கணக்கே தேவலாம்; அதனிடம் சிபாரிசு செல்லாது.

ஆகவே குளிர்காலத்தில் ஒரு புரமோட்டர் தேடுவது சிறந்த ரைடரை அல்ல, தன் எண்ணைவிடச் சிறந்த ரைடரை. போன வருஷம் தோள்பட்டை உடைந்து பாதிப் பருவம் ஓட்டாதவர், மோசமான இன்ஜினோடு மல்லுக்கட்டியவர், வயதாகிவிட்டது என்று எல்லோரும் கைகழுவியவர். இவர்களுடைய சராசரி இறங்கியிருக்கும், திறமை அப்படியே இருக்கும். இதற்குப் பாடம்போலச் சொல்லக்கூடிய அணி 2021ஆம் ஆண்டு பீட்டர்பரோ பாந்தர்ஸ். கிறிஸ் ஹாரிஸ், ஸ்காட் நிக்கோல்ஸ், ஹான்ஸ் ஆண்டர்சன், பியார்னே பெடர்சன், உல்ரிக் ஓஸ்டர்கார்ட், மைக்கேல் பாம் டாஃப்ட். பட்டியலைப் பார்த்ததும் இது தாத்தாக்கள் அணி என்று சிரித்தார்கள். பெரும்பாலானோருக்கு உச்சகாலம் கடந்திருந்தது. ஹாரிஸ் கார்டிஃபில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ ஜெயித்ததே 2007இல். ஆனால் நாடா எழுந்ததும் முதல் வளைவை எப்படிப் பிடிப்பது, தோழனுக்கு எங்கே இடம் விடுவது என்பதெல்லாம் வயதானால் மறந்துபோகிற சங்கதிகள் இல்லை. இறுதிப்போட்டியில் மான்செஸ்டரின் பெல் வியூவை வீழ்த்தி, மேல் லீகான பிரீமியர்ஷிப்பின் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டே வருஷம், 2023 முடிவில் அந்தக் கிளப் தன் தடத்தையே இழந்தது. தடங்கள் மூடுகிற கதைக்குப் பிறகு வருகிறேன்.

இனி ‘வாங்குவது’. கிளப்பின் ‘அசெட்’ என்று ஒரு சொல் உண்டு. ரைடரின் பதிவு எந்தக் கிளப்பிடம் இருக்கிறதோ அதுதான் அவருடைய தாய்க் கிளப். வேறு கிளப்புக்கு ஓட்டவேண்டுமானால் அந்தக் கிளப் முழுத்தொகை கொடுத்துப் பதிவை வாங்கலாம், அல்லது பருவத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து இரவல் வாங்கலாம். இரவல்தான் அதிகம். அதனால்தான் ஐந்து வருஷம் ஒரே ஊரில் ஓட்டி, அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட ஒருவர் காகிதத்தில் வேறோர் ஊரின் சொத்தாக இருக்கிற வேடிக்கை நடக்கும். ரைடரோ மாதச் சம்பளக்காரர் இல்லை, சுயதொழில் செய்பவர். பைக், இன்ஜின், டயர், வேன், மெக்கானிக் எல்லாம் அவர் செலவு. புள்ளிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டுதான் வருகிறார். விழுந்து எலும்பு முறிந்தால் புள்ளியும் இல்லை, வரும்படியும் இல்லை.

கால்பந்து ரசிகர்களுக்கு ஜீரணமாகாத இன்னொன்று ‘கெஸ்ட்’. உங்கள் முதல் ரைடருக்கு அடிபட்டுவிட்டது என்றால், அவர் சராசரிக்கு உட்பட்ட ஒருவரை வேறு கிளப்பிலிருந்து ஓர் இரவுக்கு மட்டும் அழைத்துக்கொள்ளலாம். போன வாரம் நீங்கள் ஊளையிட்ட ஆள் இந்த வாரம் உங்கள் நிறத்தில் வந்து நிற்பார். கைதட்டத்தான் வேண்டும். போதாக்குறைக்குப் பலர் ஞாயிறு போலந்தில், செவ்வாய் சுவீடனில், இடையில் ஒரு நாள் இங்கிலாந்தில் என்று பறந்துகொண்டிருப்பார்கள். இன்று பெரிய பணம் போலந்தில் இருப்பதால், உலகின் முதல் வரிசை ரைடர்களில் பலர் பிரிட்டன் பக்கமே வருவதில்லை. முன்பு நிலைமை தலைகீழ். உலகத்தில் யார் ஸ்பீட்வே ஓட்ட நினைத்தாலும் பிரிட்டனுக்குத்தான் கப்பலேற வேண்டும்.

அப்படி வந்தவர்தான் நியூசிலாந்தின் ஐவன் மாகர். 1957இல் பதினேழு வயதில் புது மனைவியோடு லண்டன் வந்து விம்பிள்டனில் சேர்ந்தார். பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது ஸ்டேடியத்தில் எடுபிடி வேலைதான். ஓட்டிய சில ஓட்டங்களிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை, ஊர் திரும்பிவிட்டார். 1963இல் மறுபடி வந்தபோது அவரை எடுத்தது பெரிய கிளப் எதுவும் இல்லை, கீழ்நிலை லீகில் இருந்த நியூகாசில். அங்கிருந்தபடியே 1968இல் உலகச் சாம்பியன் ஆனார். 1969இல் மான்செஸ்டரின் பெல் வியூவுக்கு மாறினார். பெல் வியூ 1970, 71, 72 என்று மூன்று வருஷம் தொடர்ந்து லீகை வென்றது. பிறகு எக்ஸிடர் போனார், 1974இல் எக்ஸிடர் சாம்பியன். ஹல்லுக்குப் போனார், அந்தக் காலத்திலேயே 1979இல் தன் ஆறாவது உலகப் பட்டத்தை எடுத்தார். போன இடமெல்லாம் விளங்கியது. ஒரே ஒரு ரைடரின் கையெழுத்து ஒரு ஊரையே தூக்கி நிறுத்தும் என்று கிழவர்கள் வாதாடும்போது முதலில் சொல்வது இவர் பெயரைத்தான். விம்பிள்டன் ரசிகர்கள் மட்டும் அந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள்.

இன்னொரு உதாரணம் ஆக்ஸ்போர்டு. 1983 முடிவில் பர்மிங்காம் கிளப் மூடியது. அங்கிருந்த டென்மார்க்காரர் ஹான்ஸ் நீல்சனை ஆக்ஸ்போர்டு 30,000 பவுண்டுக்கு வாங்கியது; அன்றைக்கு அது சாதனைத் தொகை. கையிலிருப்பதையெல்லாம் ஒரே ஆளில் கொட்டிவிட்டார்கள் என்று பேசியவர்களுக்கு 1985, 1986, 1989 லீக் பட்டங்கள் பதில் சொல்லின. நீல்சன் ஆக்ஸ்போர்டு நிறத்தில் இருந்தபோதே மூன்றுமுறை உலகச் சாம்பியனும் ஆனார். ஒரு கிளப் மூடினால் இன்னொரு கிளப்புக்கு அதிர்ஷ்டம். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் இந்த விளையாட்டில் நல்ல கையெழுத்துகளில் பாதிக்குப் பின்னால் எங்கோ ஒரு தடம் மூடிய கதை இருக்கும். விம்பிள்டன் 1984 முடிவில் மேல் லீகிலிருந்து விலகியதும், அங்கே வளர்ந்த கெல்வின் டேட்டம் கவென்ட்ரிக்குப் போனார். 1987, 88இல் கவென்ட்ரி சாம்பியன்.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில் நின்றவர்களும் உண்டு. பெல் வியூவின் பீட்டர் காலின்ஸ் 1976இல் உலகச் சாம்பியன். கேட்காத கிளப் இருந்திருக்காது, அவர் நகரவில்லை. அவருக்குப் பின்னால் வந்த கிறிஸ் மார்ட்டனும் அதே சிவப்புக் கறுப்பில், அதே ஏஸ் சீட்டுச் சின்னத்தோடு 1990வரை ஓட்டிவிட்டு இறங்கினார். இப்படி ஒரே கிளப்பில் பத்து வருஷம் ஓட்டியவருக்கு ‘டெஸ்டிமோனியல்’ என்று ஒரு நாள் ஒதுக்கி, அன்றைய வசூலை அவருக்கே கொடுக்கும் வழக்கம் உண்டு. சராசரிக் கணக்கு வருஷாவருஷம் துரத்துகிற உலகத்தில் பத்து வருஷம் ஒரே ஊரில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நாளில் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

கிரேட்லி ஹீத் கிளப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் மிட்லண்ட்ஸ்காரர்கள் விடமாட்டார்கள். கலிபோர்னியாக்காரர் புரூஸ் பென்ஹால் 1978இல் அங்கே வந்தார். பர்மிங்காமுக்கு மேற்கே கரி படிந்த ஒரு தொழிற்பேட்டை ஊரில், பொன்னிறத் தலைமுடியோடு ஒரு ஹாலிவுட் முகம். 1981இல் வெம்பிளியில் உலகப் பட்டம், அதே வருஷம் கிரேட்லிக்கு லீக் பட்டம். 1982இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி உலகப் பட்டம் வென்ற கையோடு மேடையிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு டிவி நடிகராகப் போய்விட்டார். தூண் சாய்ந்தது, இனி அவ்வளவுதான் என்றார்கள். 1979இலேயே சத்தமில்லாமல் எடுத்து வைத்திருந்த எரிக் குண்டர்சன் என்ற டென்மார்க் பையன் அந்த இடத்தில் வந்து நின்றார். 1983இல் மீண்டும் லீக் பட்டம், பிறகு குண்டர்சனுக்கு மூன்று உலகப் பட்டங்கள். ஆளைப் பிடிப்பதில் அந்தக் கிளப்புக்கு இருந்த கண் வேறு யாருக்கும் இருந்ததில்லை என்பது என் கட்சி. பின்னாளில் உலகச் சாம்பியன் ஆன பில்லி ஹாமில், கிரெக் ஹான்காக் இருவரும் இங்கிலாந்தில் முதலில் கால்வைத்ததும் அங்கேதான்.

ஆனாலும் 1995இல் அந்தக் கிளப்பின் டட்லி வுட் ஸ்டேடியம் வீடு கட்ட விற்கப்பட்டது. அடுத்த வருஷம் ஸ்டோக்கில் இரவல் இடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வருஷங்கள் கழித்து 2010இல் கிளப்பை மறுபடி கிளப்பியபோது குடியேறியது பழைய எதிரி வுல்வர்ஹாம்டனின் மாண்மோர் கிரீன் தடத்தில். 2023 முடிவில் அந்தத் தடத்திலும் ஸ்பீட்வே நின்றுபோனது.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. ரைடர் கைமாறுவதைப் பழகிவிடலாம். இந்த விளையாட்டில் கிளப்பே கைமாறும், இடம் மாறும். எடின்பரோ மொனார்க்ஸின் ஓல்ட் மெடோபேங்க் தடத்தை 1970 காமன்வெல்த் விளையாட்டுக்காக எடுத்துக்கொண்டார்கள். கிளப் கோட்பிரிட்ஜுக்குப் போய் இரண்டு பருவம் ஓட்டியது. பிறகு அதன் லைசென்ஸை வாங்கி 1970இல் வெம்பிளி லயன்ஸ் உயிர்பெற்றது. பெர்ட் ஹார்கின்ஸ் போன்ற ஸ்காட்லாந்து நாயகர்கள் ஓர் இரவில் லண்டன் சிங்கங்கள் ஆனார்கள். எடின்பரோ ரசிகரின் நிலையை யோசித்துப் பாருங்கள்: அணி இருக்கிறது, ஓட்டுகிறது, 400 மைல் தள்ளி. நார்விச் 1964இல் மூடியபோது ‘ஸ்டார்ஸ்’ என்ற பெயரை அடுத்த ஆண்டு கிங்ஸ் லின் எடுத்துக்கொண்டது. நார்விச்சில் வளர்ந்த டெரி பெட்ஸ் ஒரு வருஷம் சுற்றிவிட்டு 1966இல் கிங்ஸ் லின்னுக்கே வந்து சேர்ந்து, 1978வரை அந்த ஊரின் முகமாக இருந்தார். பெல் வியூவின் ஹைட் ரோடு 1929 முதல் ஓடிய தடம். 1987இல் கார் ஏலக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. மாகரும் காலின்ஸும் வளைந்த இடத்தில் பழைய கார்களை ஏலம்போட்டார்கள்.

ரைடர் வருஷாவருஷம் மாறுவார், தடமும் மாறலாம். மிச்சமிருப்பது புரோகிராம்கள், நிறம், பேட்ஜ். ஸ்பீட்வே பேட்ஜ்களுக்கு ஒரு தனி அழகு உண்டு: எனாமல் சின்னத்துக்குக் கீழே வருஷம் பொறித்த சின்னச்சின்னப் பட்டைகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கும். ஒவ்வொரு பருவமும் ஒரு பட்டை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். எங்கே பட்டை நிற்கிறதோ அங்கே கிளப் செத்துவிட்டது என்று அர்த்தம். நான் சொன்ன பெரியவரின் தொப்பியில் இருந்த ஒரு பேட்ஜில் கடைசிப் பட்டை 1971. வெஸ்ட் ஹாம் ஹாமர்ஸ்.

அந்தக் கிளப்புக்கு ஒரு பெரிய துக்கமும் உண்டு. 1970 ஜூலையில் ஐரோப்பாவில் ஓட்டிவிட்டுத் திரும்பும் வழியில், பெல்ஜியத்தின் லோகெரன் அருகே அணியின் வேன் விபத்துக்குள்ளானது. மேனேஜர் பில் பிஷப்பும் நாலு ரைடர்களும் டிரைவரும் இறந்துபோனார்கள். கூடப்போயிருந்த காலின் பிராட் பிழைத்தார், ஆனால் மறுபடி பைக் ஏற முடியவில்லை. அவர் பிறகு கிளப் நடத்தும் பக்கம் வந்தார். கிரேட்லி ஹீத்தில் நெடுங்காலம், அப்புறம் கவென்ட்ரியில். அந்த கவென்ட்ரியின் பிராண்டன் தடத்திலும் 2016க்குப் பிறகு பந்தயம் இல்லை.

வெஸ்ட் ஹாம் ஓட்டிய கஸ்டம் ஹவுஸ் ஸ்டேடியம் இருந்த இடத்தில் இப்போது குடியிருப்பு. அங்குள்ள தெருக்களுக்கு கிளப்போடு சம்பந்தப்பட்டவர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: 1938 உலகச் சாம்பியன் புளூயி பெயரில் வில்கின்சன் ரோடு, குரூம்ப்ஸ் ரோடு, லாசன் குளோஸ், புரமோட்டர் ஜானி பெயரில் ஹோஸ்கின்ஸ் குளோஸ். அங்கே பார்சல் கொண்டுபோகிற பையனுக்கு இதெல்லாம் யார் என்று தெரியாது. பெரியவர் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். “மூன்றாவது வளைவில் ஒரு வீட்டுக்காரன் ரோஜாச் செடி வைத்திருக்கிறான், நன்றாகத்தான் வந்திருக்கிறது” என்றார்.